கையில் ஒன்றும் தராத வைத்தியம்

மனசுக்கும் வைத்தியம் உண்டு – 11

கோடாங்கியிடம் போனால் நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. உடுக்கை எடுத்து நாலு அடி அடித்ததும் அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்: உச்சிப்பொழுதில் போனாய், தனியாகப் போனாய், ஓடைக்கரையில் திடுக்கிட்டாய். 'ஆமா சாமி' போடுவது மட்டும்தான் நம் வேலை. திரும்பும்போது நெற்றியில் திருநீறு, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, வாசலில் கட்ட ஒரு எலுமிச்சம்பழம். டவுன் டாக்டரிடம் போனாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். இரண்டு கேள்வி, ஸ்டெதாஸ்கோப், ஒரு ஊசி, மூன்று வேளைக்கு மாத்திரை. ஊசி போடாத டாக்டரை 'என்னமோ பாத்தாரு' என்று சொல்கிற ஊர்கள் நம்முடையவை.

உளவியல் சிகிச்சை என்கிற பேச்சு வைத்தியம் இந்த இரண்டுக்கும் தலைகீழ். அங்கே எதிரில் இருப்பவர் கேட்பார். நாம்தான் பேச வேண்டும். பேசி முடித்து எழுந்தால் கையில் ஒன்றும் இருக்காது. 'அவரு ஒண்ணுமே சொல்லலைங்க, எல்லாத்தையும் என்கிட்டயே கேக்குறாரு. இதுக்கா பஸ் ஏறிப் போனோம்?' என்று சலித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் அடுத்த தடவை போவதில்லை. இந்தத் தொடரில் தூக்கம், படபடப்பு, மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டோம். இந்த வாரம் அந்த முதல் நாளைப் பற்றி மட்டும். ஏமாற்றமாக இருக்கும் என்று தெரிந்தே போகிறவர்தான் மறுபடியும் போவார்.

எங்கே போவது? பாலவனத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பஸ் ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர். மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் விருதுநகர்; 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அங்கே. கிழக்கே போனால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்ததை வைத்து, மத்திய அரசு 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அந்த நான்கில் நம் திருச்சியும் ஒன்று. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் என்று ஒரு குழு. குறித்த கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வந்து உட்காருவார்கள். எந்தக் கிழமை என்பது ஓ.பி. சீட்டுக் கவுண்டரில் கேட்டால் தெரியும். காசு கிடையாது.

போவதில் இன்னொரு தடை உண்டு. இந்தப் பக்கத்தில் மனக்கோளாறு என்றதும் வாயில் வருகிற ஊர் ஏர்வாடி. 'ஏர்வாடிக்குத்தான் கொண்டு போகணும்' என்பதைத் திட்டாகவே சொல்வார்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சங்கிலியின் பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்துவிட்டது. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைப்பதும் அந்தச் சட்டப்படி உங்கள் உரிமை. அதே ஏர்வாடியில் உள்ள தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு பின்னாளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதனால் கோடாங்கி கட்டிய கயிற்றைப் பார்த்து நல்ல உளவியலாளர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். 'கோடாங்கி என்ன சொன்னாரு?' என்று அக்கறையாகக் கேட்கவும் செய்வார். வந்த கஷ்டத்தைப் பற்றி நீங்களும் வீட்டாரும் என்ன நினைக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

எதிரில் உட்காருபவர் யார் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்குமேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை செய்பவர். மாத்திரை எழுத முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். ஆலோசகர் என்று போர்டு வைத்திருப்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. 'ஒரே சிட்டிங்கில் குணம்' என்று நோட்டீஸ் அடிப்பவர் எந்த ரகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் சுவரில் மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் ஒட்டுகிற நோட்டீஸை எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படியே பாருங்கள்.

இனி அறைக்குள். தறிக்குப் போகிற முப்பத்தைந்து வயதுப் பெண், மாமியாரோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"தலைக்குள்ள கிர்ருங்குது சார். நெஞ்சு படபடன்னு வருது. கைகாலு அசந்து போகுது."

மாமியார் விடமாட்டார்: "நேரத்துக்குச் சாப்பிட்டாத்தான சார்? மூணு மாசமா இப்படித்தான். பிள்ளைகளக்கூட ஏன்னு கேக்குறதில்ல."

"நீங்க சொல்றதையும் கேக்குறேன் பெரியம்மா. கொஞ்சம் வெளிய உக்காருங்க. இவங்ககிட்டத் தனியாப் பேசிட்டு உங்களக் கூப்பிடுறேன்."

இந்த இடம் முக்கியம். வீட்டாரை அடியோடு ஒதுக்குவது நம் நாட்டு முறை கிடையாது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் கூடவே தங்குவது 1950-களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. ஆனால், தனியாகப் பேசச் சில நிமிஷமாவது வேண்டும். உளவியலாளராக வீட்டாரை வெளியே அனுப்பாவிட்டால், 'தனியாப் பேசணும் சார்' என்று நீங்களே கேட்கலாம்.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குறீங்க?"

"பத்து, பத்தரை ஆகும். மூணு மணிக்கெல்லாம் முழிச்சிருவேன். அப்புறம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கிடக்கிறதுதான்."

"அந்நேரம் மனசுல என்ன ஓடும்?"

"ஒண்ணும் ஓடாது சார்."

அவர் அவசரப்படுத்த மாட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கும். நமக்குச் சங்கடமாக இருக்கும். ஏதாவது கேட்டுத் தொலைக்க மாட்டாரா என்றிருக்கும். அந்தச் சங்கடத்தில்தான், மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பது மெதுவாக வெளியே வரும். அன்றைக்கே வராமலும் போகலாம், பாதகமில்லை.

இதோடு உடம்பைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்பார்கள். மாதவிலக்கு, தைராய்டு, சர்க்கரை, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் குடிப்பவர் யார், பரம்பரையில் யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம். மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள். ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வு போலவே அசத்திப் போடும். பாவில் இழை அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போடுவதற்கு முன் அறுந்த முனை எங்கே என்றுதான் தேடுவார். முதல் நாள் முழுக்க அந்தத் தேடல்தான்.

ஒரு தாளையும் நீட்டக்கூடும். உலகம் முழுக்கப் புழங்குகிற ஒன்பது கேள்வித் தாள் அது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி போனதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க், மொத்தம் 27. பரீட்சை என்று நினைத்துக்கொண்டு குறைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'நம்மள ரொம்ப மோசமா நெனச்சிருவாங்களோ' என்று பயம். இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. ஆறு வாரம் கழித்து இதே தாளை மறுபடி நீட்டும்போது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. 'இருந்து என்ன செய்யன்னு தோணியிருக்கா?' என்று நேராகக் கேட்பார்கள். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று வீட்டார் பதறுவார்கள். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. தோன்றியிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. ரகசியம் காப்பதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்றும் இந்த இடத்தில்தான் வருகிறது: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டாரிடம் பேசுவார். உங்களிடம் சொல்லிவிட்டே பேசுவார்.

அடுத்து ஒரு கேள்வி வரும், சம்பந்தமில்லாதது போலத் தோன்றும்: 'வீட்டுல பூச்சிமருந்து இருக்கா? எங்க வச்சிருக்கீங்க?' பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற வீட்டில் இல்லாமல் இருக்குமா? பூட்டி வையுங்கள், அல்லது பங்காளி வீட்டில் கொடுத்து வையுங்கள் என்பார். இதற்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டு அனுபவம் இருக்கிறது. சென்னையில் 1986-ல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்துகளைப் பொதுக் கட்டடத்தில் பூட்டுப்பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்து பார்த்தார். சாக வேண்டும் என்ற நினைப்பு பல பேருக்கு ஒரு வேகத்தில் வந்து, ஒரு வேகத்தில் போய்விடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். பேச்சு வைத்தியத்தின் முதல் நாளில் செய்கிற வேலைகளில் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை என்பேன்.

இப்படி ஒருவர் முன்னால் போய் உட்காரத்தான் வேண்டுமா என்று திருச்சுழிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: 'எங்க ஊர்ல பிறந்த ரமணர் யார்கிட்டப் போயி உக்காந்தாரு?' உண்மைதான். 1896-ல் மதுரையில் அப்போது வேங்கடராமன் என்ற பெயரில் இருந்த பதினாறு வயது ரமணருக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. அவர் படுத்துக்கொண்டு, சாவது யார் என்று தனக்குள்ளேயே விசாரித்தார். அதையும் நம் படபடப்பையும் ஒன்றாக்க நான் வரவில்லை. அவருக்கு அது அப்படித் திறந்தது. நமக்கு 'இப்பவே செத்துருவேன்' என்று நெஞ்சைப் பிடிக்கும்போது வீட்டார் 108-க்கு அடிக்கிறார்கள், ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள், பத்து நாளில் மறுபடியும் வருகிறது. கூட உட்கார்ந்து விசாரிக்க ஒரு ஆள் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அரசு மருத்துவமனையில் முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கூட்டமான நாளில் இருபது நிமிஷம்தான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அடுத்த சீட்டுக்காரர் இருமுவார், நடுவில் யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். கூட்டம் குறைந்த கிழமை எது, மதியத்துக்கு மேல் வரலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகவே முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிய, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

சிகிச்சை தருபவர்களில் சில பேர் இந்தப் பக்கத்து வழக்கப்படி 'எந்த ஊரு?' என்பதோடு நிறுத்தாமல் 'எந்தத் தெரு?' என்றும் கேட்டுவிடுவார்கள். அது எதற்கான கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனி மாறினால் வேறு ஆளிடம் போய்விடுங்கள். அதுபோல, பெண் உளவியலாளர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சைக்கு வந்தவர் ஆளை மாற்றினால் கோபித்துக்கொள்வது அந்தத் தொழிலில் இல்லை, இருக்கக் கூடாது.

முதல் நாள் கிளம்பும்போது ஒரு சின்ன வேலை கொடுப்பார்கள். எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது என்று காலண்டர் தாளில் குறித்து வருவது, விட்டுப்போன ஒரு காரியத்தைத் திரும்பச் செய்வது, அந்த மாதிரி. சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினியோடு கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வரச் சொல்வார். 'இதச் சொல்லவா படிச்சாரு?' என்று சிரிப்பு வரும். கோவாவில் 'சங்கத்' அமைப்பு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைத்தான் செய்ய வைத்தது. விட்டுப்போன காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்க வைப்பதுதான் அந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள். கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததை 2017-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

எட்டுத் தடவையா என்று மலைக்க வேண்டாம். சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் நோய் தீர வயனம் காக்க நாள் கணக்கில் தங்குகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். அங்கே போய் முதல் நாளே 'இன்னும் சரியாகலையே' என்று மூட்டை கட்டுவதில்லை. இங்கே மட்டும் ஏன் அவசரம்? இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு மனசு முன்னைவிடப் பாரமாகக்கூட இருக்கும். பேசாமல் வைத்திருந்ததைப் பேசியதால் வருகிற அழுகை அது. அந்த வாரம் போகாமல் இருந்துவிடாதீர்கள். நாலைந்து தடவை போன பிறகும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், 'சார், எனக்கு ஒண்ணும் மாறலையே' என்று அவரிடமே கேளுங்கள். முறையை மாற்றுவார், மாத்திரையும் சேர்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் அனுப்புவார், அல்லது வேறு ஆளைச் சொல்வார்.

(அடுத்த வாரம்: குடிக்கிறவர் வர மாட்டேன் என்கிறார். வீட்டார் மட்டும் போனால் பார்ப்பார்களா?)