நிரபராதியின் நடுக்கம்

இரவு பத்து மணிக்கு மேல், புறவழிச் சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்புகளை வைத்து, கைவிளக்கை அசைத்து வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் போலீஸ்காரரைக் கண்டதும், தலைக்கவசம் அணிந்து, லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் பத்திரமாக வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒருவர் பொருளையும் அபகரித்தறியாத ஒரு பள்ளி ஆசிரியருக்கு நெஞ்சு படபடக்கிறது, நா உலர்ந்துபோகிறது, ‘எங்கேயிருந்து வருகிறீர்கள்?’ என்ற எளிய கேள்விக்கே குரல் கம்மிவிடுகிறது. வீடு சேர்ந்த பிறகு, ஒரு தப்பும் செய்யாத நாம் ஏன் இப்படி நடுங்கினோம் என்று அவர் தமக்குள் வெட்கப்படுகிறார். அந்த வெட்கம் அநாவசியம் என்பதும், அந்த நடுக்கத்தைக் கண்டு அவர்மேல் சந்தேகம் கொள்வது அநியாயம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் சரீர சாஸ்திரப் பேராசிரியராக இருந்த வால்ட்டர் கானன், பயமும் கோபமும் உடலில் விளைவிக்கும் மாறுதல்களை ஆராய்ந்து 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து என்று மனம் எண்ணிய மாத்திரத்தில், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன, இருதயம் வேகமாகத் துடிக்கிறது, வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து கைகால்களுக்குப் பாய்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. எதிர்ப்பதும் ஓடுவதும் இரண்டுமே தகாத இடத்தில், செலவழிய வழியில்லாத அந்தச் சக்திதான் விரல் நடுக்கமாக வெளிப்படுகிறது. நாம் குற்றவாளியா, நிரபராதியா என்று அந்தச் சுரப்பி விசாரிப்பதில்லை.

ஆனால் சரீரத்தை மட்டும் காரணம் காட்டி நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மைதான். தபால்காரரும் காக்கி உடுத்திய அரசாங்கச் சேவகரே. அவர் கதவைத் தட்டினால் எவரும் கலங்குவதில்லை. போலீஸ் என்ற பெயருக்குப் பின்னாலோ, நம் மாகாணத்தில், நீண்டதொரு சரித்திரம் நிற்கிறது. கம்பெனி ஆட்சியில் வரி வசூலிக்கும் அதிகாரமும் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரமும் தாசில்தார் கச்சேரியைச் சேர்ந்த ஒரே சேவகர் கூட்டத்திடம் இருந்தன. கிஸ்தி கட்டாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் இறுக்கியதையும், அவனை அண்ணாந்தாள் கட்டிக் குனிந்தபடியே நிறுத்தியதையும், இவற்றை விசாரிக்கவென்றே நியமிக்கப்பட்ட கமிஷன் 1855-இல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. பிறகு 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வேலையும் போலீஸ் வேலையும் பிரிந்தன. பிரிந்தும் என்ன? 1911-க்குப் பின் இங்கே அமலாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், சில சாதியினரைப் பிறப்பினாலேயே சந்தேகத்துக்குரியவர்களாக்கிக் கைரேகை வைக்கச் செய்தது. அது சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947-இல்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலுக்கு உள்ளான தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிர் நீத்த செய்தியை யாரும் மறந்துவிடவில்லை. சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம், ‘போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்’ என்று சொல்லும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள் என்றால், அந்த அச்சம் ஆகாயத்திலிருந்து வந்ததன்று.

விபரீதம் எங்கே தொடங்குகிறதென்றால், அச்சத்தைக் குற்றத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் இடத்தில். உண்மை பேசுகிறவரின் பதற்றத்தைப் பொய்யின் அடையாளமென்று கொள்ளும் தவற்றுக்கு, பால் எக்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ‘ஒதெல்லோ பிழை’ என்று பெயர் சூட்டினார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மனைவியின் திகிலை அவளுடைய குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டவன் ஒதெல்லோ. பொய்யைக் கண்டறியும் மனிதத் திறமை பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, நூற்றுக்கு 54 தடவைதான் மனிதர்கள் சரியாகச் சொல்கிறார்கள் என்று கணக்கிட்டது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும்! நம் சிலப்பதிகாரத்திலோ நிலைமை இன்னும் பரிதாபம். கோவலனைக் கண்ட காவலர்கள், இவன் லட்சணம் கள்வனுக்கு உரியதன்று என்று சரியாகவே சொன்னார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் சாமர்த்தியங்களை விஸ்தரித்துப் பேசிய பிறகு, அவர்களில் ஒருவன் வாளை வீசிவிட்டான். விசாரணை என்ற ஒன்று அங்கே நடக்கவேயில்லை.

இன்றைய சட்டம் இந்த அபாயத்தை உணர்ந்திருக்கிறது. ஒருவருடைய சம்மதமின்றிப் பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கு அவரை உட்படுத்தலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2010-இல் தீர்ப்பளித்தது. அந்தக் கருவி அளப்பதும் நாடித் துடிப்பையும் வியர்வையையும்தானே! அதற்கு முன்பே 1996-இல் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும் அதிகாரி தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி வில்லை அணிய வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் என்றெல்லாம் அதே கோர்ட் விதித்திருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் ஷரத்து.

ஆகவே, நிறுத்தப்பட்டவர் வண்டியை அணைத்துவிட்டு, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது நல்லது. இருதயத்தின் வேகத்தைத் தணிக்க அது உதவும். ‘சார், கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. காகிதங்கள் கையில் இல்லாவிட்டால், கைப்பேசியில் டிஜிலாக்கரில் உள்ளவற்றைக் காட்டினாலும் செல்லும். போலீஸ்காரரும், இருட்டில் முன்பின் தெரியாதவரை அணுகும் அச்சத்தைத் தாமும் அறிந்தவர். முதலில் தம் பெயரைச் சொல்லி, என்ன காரணத்துக்காக நிறுத்தினோம் என்பதை ஒரு வார்த்தை தெரிவித்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினால், எதிரில் நிற்பவரின் பாதிப் பதற்றம் அப்போதே தணியும்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவின்படி, ஒரு வழக்கின் விவரம் அறிந்தவர் என்ற முறையில் விசாரிப்பதற்காக, பெண்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், 15 வயது நிரம்பாத சிறுவர்களையும், மாற்றுத் திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கே போலீசார் வந்து விசாரிக்க வேண்டும்.