மாட்டின் குளம்பும் ஆற்றின் உப்பும்

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுநீரை நம்பிச் சுமார் 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். அந்த ஆறு ஆண்டுதோறும் பல லட்சம் டன் உப்பையும் சுமந்து செல்கிறது. அதனால் பயிர் கருகுகிறது, குழாய்கள் அரிக்கப்படுகின்றன. இந்த உப்பில் ஏறத்தாழப் பாதி இயற்கையாகவே வருவது.

கடலுக்கு வெகுதொலைவில், இந்த ஆறு பாயும் யூட்டாவிலும் மேற்குக் கொலராடோவிலும் உப்பு ஏது? சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே கடல் கிடந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்றைய ‘மேங்கோஸ்’ களிப்பாறை. ஜிப்சம் முதலான உப்புகள் அதில் ஏராளம். அங்கே மழை குறைவு. பெய்தால் கொட்டித் தீர்க்கும். வெற்றுச் சரிவில் மழைத்துளி அறைந்தால் மண்ணின் நுண்துளைகள் அடைபடும். உள்ளே இறங்க வழியில்லாத நீர், மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். மண்ணோடு உப்பும் ஆறு சேரும்.

மேற்குக் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் நகருக்கு அருகில் ‘பேட்ஜர் வாஷ்’ என்ற இடத்தில் 1953இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அருகருகே இணையாக உள்ள சிறு நீர்ப்பிடிப்புகளில், ஒவ்வொரு இணையிலும் ஒன்றில் மாடுகளையும் ஆடுகளையும் மேயவிட்டார்கள். மற்றதற்கு வேலி போட்டார்கள். வேலிக்குள் ஓடுநீரும் வண்டலும் கணிசமாகக் குறைந்தன. ஆனால் செடிகள் பெரிதாகப் பெருகிவிடவில்லை. ஆக, வேறுபாட்டுக்குக் காரணம் குளம்புதான். குளிர்கால உறைபனி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். வசந்தத்தில் கால்நடைகள் மிதித்து அதை இறுக்கிவிடும். வேலிக்குள் அந்த மிதி இல்லை.

இந்த வறண்ட நிலத்துக்கு இன்னொரு காவலும் உண்டு. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் ஆகியவை மண்துகள்களைப் பிணைத்து உயிருள்ள மேலோடு ஒன்றை உருவாக்குகின்றன. குளம்போ ஜீப் சக்கரமோ பட்டால் அது நொறுங்கும்; முழுதாகத் தேறப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

1974இல் இந்த ஆற்றுக்கான உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அரசு மேய்ச்சல் நிலங்களிலிருந்து சேரும் உப்பைக் குறைக்கவும் திட்டம் வேண்டும் என்று 1984இல் அதைத் திருத்தினார்கள். வழிகள் எளியவை: மண் இளகிய பருவத்தில் மந்தையை வேறிடம் ஓட்டுவது, நிலத்துக்கு ஓய்வு தருவது, வண்டிகளைக் குறித்த தடத்தோடு நிறுத்துவது, ஓடைகளில் சிறு தடுப்பணை கட்டுவது.

இவற்றால் ஆற்றில் உப்பைச் சேர்க்கும் ஊற்றுகள் வற்றிவிடாது. பாசன வயல்களிலிருந்து வடியும் உப்பும் நிற்காது. ஆனால் ஆற்றில் கலந்த உப்பைப் பிரிப்பது எளிதல்ல. அரிசோனாவின் யூமா நகரில் 1992இல் கட்டி முடித்த உப்பகற்றும் ஆலை சில முறை, அதுவும் கொஞ்ச காலமே இயங்கியது. சரிவிலேயே மண்ணைக் காப்பதுதான் புத்திசாலித்தனம்.