மல்லி மணக்கும் பியரும் ஐம்பது புள்ளிகளும்

பெல்ஜியத்தின் லூவன் நகருக்கு அருகே ஓர் உணவகக் குசினியில் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன், வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் நடத்திய சிறிய போட்டி ஒன்றில் உதவி நடுவராக இருக்கும்படி என்னைக் கேட்டார்கள். சரக்குச் சாமான்களோடு பழகிய மூக்கு என்று முதலாளி என்னைச் சிபாரிசு செய்திருந்தார். எனக்குக் கிடைத்த மேசை, கொத்தமல்லி விதையும் தோடம்பழத் தோலும் போட்டுக் காய்ச்சுகிற கோதுமை பியருக்கானது. அந்த மேசையில் ஒரு பியருக்கு நான் 50க்கு 41 புள்ளி போட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த நடுவர் 27 போட்டார். அவர் போட்டதுதான் சரி. அது ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

குடிவகை ஒன்றைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு எழுத எனக்குத் தயக்கம் உண்டு. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் குடி என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த என் மாமா, அதற்குப் பின் ஏழு வருடங்கள் குடித்தே செத்தார். அவர் குடித்தது கசிப்பு. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் கவிழ்ப்பார். மணக்கவும் கூடாது, நாக்கில் நிற்கவும் கூடாது, உள்ளே போனால் சரி. இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. ஒரு பானத்தை முகர்ந்து, பார்த்து, நாக்கில் வைத்து நேர்மையாக மதிப்பிடுவது எப்படி, அந்த நேரத்தில் நினைவு எப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்பதைப் பற்றியது.

வெள்ளை பியர்

இந்த பியரை இங்கே 'விட்' என்பார்கள். டச்சு மொழியில் வெள்ளை என்று பொருள். சாதாரண பியருக்கு முளைகட்டி உலர்த்திய பார்லிதான் அடிப்படை. வெள்ளை பியரில் ஏறக்குறையப் பாதி முளைகட்டாத கோதுமை. சிலர் கொஞ்சம் ஓட்ஸும் சேர்ப்பார்கள். முளைகட்டாத தானியத்தின் மாவும் புரதமும், அடங்காமல் மிதக்கும் ஈஸ்டும் சேர்ந்து பானத்தைக் கலங்கலாக வைத்திருக்கும். அரிசி களைந்த தண்ணீரில் துளி மஞ்சள் கலந்தது போன்ற நிறம். மதுசாரம் பெரும்பாலும் 5 வீதத்தை ஒட்டியே இருக்கும்.

பியருக்குக் கைப்புத் தருவது ஹொப்ஸ் என்ற கொடியின் பூ. வெள்ளை பியரில் அது மிகக் குறைவு. அந்த இடத்தை இடித்த கொத்தமல்லியும், காயவைத்த கைப்புத் தோடம்பழத் தோலும் பிடித்துக்கொள்கின்றன. தோலுக்குக் கரீபியன் தீவான குராசாவோவின் பெயர் பெற்றது. மல்லி எங்களுடைய சொந்தச் சரக்கு என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது மத்தியதரைக் கடல், மேற்காசியப் பக்கத்துச் செடி. எங்கள் கடைகளில் கிடைக்கும் விதை பெரியது, சற்று நீள்வட்டமானது. ஐரோப்பாவில் விளைவது சிறியது, உருண்டையானது, எண்ணெய் கூடியது. அந்த எண்ணெயில் முதன்மையானது லினலூல் என்ற பொருள். மல்லியை இடிக்கும்போது எலுமிச்சையும் பூவும் கலந்தது போல் எழும் மணம் பெரும்பாலும் அதனுடையதுதான்.

பக்கத்து நாடான ஜேர்மனியின் கோதுமை பியரிலும் கராம்பு மணமும் வாழைப்பழ மணமும் வரும். ஆனால் அதில் கராம்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. இரண்டும் ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாகும் மணங்கள். பவேரியாவில் 1516இல் வந்த சட்டம் பியருக்குள் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் போடக்கூடாது என்றது. பெல்ஜியத்துக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. சரக்குப் போடும் பழக்கம் இங்கே தங்கியது.

ஒரு பால்காரரின் ஞாபகம்

தங்கியது என்று சொன்னாலும், இந்த பியர் ஒருமுறை செத்துப்போனது. லூவனுக்குக் கிழக்கே ஹூகார்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வெள்ளை பியர் காய்ச்சிய ஊர். தெளிந்த பொன்னிற பியர்கள் பெரிய ஆலைகளில் இருந்து வரத் தொடங்கியதும் ஊரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசி ஆலை 1950களில் மூடியது. அதற்குப் பிறகு ஏறக்குறையப் பத்து வருடங்கள் அந்த ஊரில் வெள்ளை பியர் காய்ச்சப்படவில்லை.

அந்தக் கடைசி ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்து, இடைக்கிடை அங்கே கைவேலை செய்தவர் பியேர் செலிஸ். பால் விற்பவர். 1960களின் நடுப்பகுதியில், தனக்கு ஞாபகம் இருந்ததை வைத்து வைக்கோல் பரணில் காய்ச்சத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சுவை இன்னும் மறக்கவில்லை. பியர் பிழைத்தது. 1985இல் அவரது ஆலை தீப்பிடித்தது. திருப்பிக் கட்ட ஒரு பெரிய நிறுவனம் பணம் கொடுத்தது, பிறகு ஆலையே அதன் கைக்குப் போனது. செலிஸ் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் ஒஸ்ரின் நகருக்குப் போய், 1992இல் அதே வகை பியரை மறுபடி காய்ச்சினார். 2011இல் காலமானார்.

2005இல் அந்த நிறுவனம் ஹூகார்டன் ஆலையை மூடி, உற்பத்தியை நாட்டின் இன்னொரு மூலைக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. ஊர் எதிர்த்தது. 2007இல் முடிவு கைவிடப்பட்டது. இன்றும் அது ஹூகார்டனில்தான் காய்ச்சப்படுகிறது. ஆலை மூடிய பத்து வருடத்தில், அந்தச் சுவை தெரிந்த பெரியவர்களும் போயிருந்தால் செலிஸ் காய்ச்சியது சரியா பிழையா என்று சொல்ல ஆள் இருந்திருக்காது.

ஐம்பது புள்ளிகள்

நாங்கள் பயன்படுத்திய தாள், அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தினுடையது. பல நாடுகளில் இதைத்தான் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த எண்ணத்துக்கு 10. போத்தலில் யார் காய்ச்சியது என்று இருக்காது, இலக்கம் மட்டும்தான்.

முதலில் மணம். ஊற்றியவுடன் முகர வேண்டும், ஏனென்றால் மெல்லிய மணங்கள் நிமிடங்களில் பறந்துவிடும். மிகக் குளிராக இருந்தால் மணம் எழாது, குவளையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடாக்க வேண்டும். நல்ல வெள்ளை பியரில் தோடம்பழ மணம் முன்னுக்கு வரும். பின்னால் மல்லி, கொஞ்சம் தேன் போன்ற இனிப்பு, மா மணம். எது தனியே தூக்கினாலும் புள்ளி குறையும்.

பிறகு தோற்றம். வெளிறிய வைக்கோல் நிறம், பால் போன்ற கலங்கல், அடர்த்தியான வெள்ளை நுரை. நுரை சட்டென்று அடங்கக்கூடாது.

அடுத்தது சுவை. வைன் நடுவர்கள் துப்பிவிடுவார்கள். பியர் நடுவர்கள் ஒரு சின்ன மிடறை விழுங்குவார்கள், விழுங்கிய பிறகு நிற்கும் முடிவுச் சுவையையும் மதிப்பிட வேண்டும் என்பதால். மெல்லிய இனிப்பில் தொடங்கி, தோடம்பழப் புளிப்பில் நடந்து, நாக்கு வறண்டு, இன்னொரு மிடறு கேட்கும்படி முடிய வேண்டும். தோலின் உட்பக்க வெள்ளைச் சதை சேர்ந்திருந்தால் கைப்பும் துவர்ப்பும் தங்கிவிடும், அது குறை. வாயில் உணரும் தன்மையில், கோதுமை தரும் வழவழப்பையும் காபனீரொட்சைட்டின் துள்ளலையும் பார்க்க வேண்டும்.

குறைகளைக் கண்டுபிடிக்க எனக்கு டச்சுச் சொற்கள் தெரியாது. அம்மாவின் குசினிச் சொற்கள்தான் கைகொடுத்தன. நனைந்த அட்டைப்பெட்டி போல் மக்கல் மணம் என்றால் பியர் பழசு, அல்லது காற்றுப் பட்டது. சோளப்பொத்தி அவித்த மணம் என்றால் நன்றாகக் கொதிக்கவில்லை. பட்டர் மணம் என்றால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்க முன்னரே பிரித்துவிட்டார்கள். சிக்கு, கமறல், காறல், ஊசல், புளிச்ச வாடை என்று கெட்டுப்போன சாப்பாட்டுக்கு எங்களிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நான் 41 போட்ட பியர்

ஐந்தாவது குவளையை முகர்ந்தபோது மேசை, மண்டபம் எல்லாம் போய்விட்டது. எனக்குப் பதினாலு வயது, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், 2009 ஆகஸ்ட் மழை. கூடாரத்துக்குள் தண்ணீர் வந்து பாயெல்லாம் நனைந்து எனக்குக் காய்ச்சல். அம்மா மூன்று கல்லு வைத்து மல்லியும் இஞ்சியும் அவித்து, ரின்பால் பேணியில் ஊற்றித் தந்தா. அந்த மணம் குவளைக்குள் அப்படியே இருந்தது. மணத்துக்கு 11, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 16, வாய்த்தன்மைக்கு 4, மொத்தத்துக்கு 7 என்று எழுதினேன்.

நடுவர்களின் புள்ளிகள் தூரமாக இருந்தால் பேசி நெருங்கி வர வேண்டும் என்பது முறை. மூத்த நடுவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. என்னைப் பிழை என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் விட்டு, கண்ணை மூடாமல் மறுபடி முகரச் சொன்னார். கொஞ்சம் சூடேறிய பியரில் தோடம்பழம் இல்லவே இல்லை. மல்லி மட்டும் நின்றது. அதுவும் மல்லியாக இல்லை, செலரித் தண்டு போல, அவித்த ஹாம் இறைச்சி போல ஒரு வாடை. மல்லி பழசாகவோ அளவு மீறியோ போனால் இந்த பியரில் வருகிற குறை அதுதான். நான் முகாமில் குடித்ததற்குப் புள்ளி போட்டிருந்தேன், மேசையில் இருந்ததற்கு அல்ல.

"உங்களுக்கு வந்தது உண்மைதான்," என்றார் அவர். "ஆனால் காய்ச்சியவருக்கு அதனால் என்ன பயன்? அவர் அடுத்த முறை மல்லியைக் குறைக்க வேண்டும் என்று யார் சொல்வது?"

மணத்தை 6 ஆக்கினேன், சுவையை 11 ஆக்கினேன், மொத்தத்தை 5 ஆக்கினேன். 29 வந்தது. தாளின் கணக்கில் 21 முதல் 29 வரை 'நல்லது', 38 முதல் 44 வரை 'மிகச் சிறந்தது'. கீழே, "மல்லி புதிதாக வாங்கி, பாதியாகக் குறைக்கவும், தோடம்பழத் தோலைக் கூட்டவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பிளாவும் நுரையும்

அன்றிரவு அம்மப்பா ஞாபகம் வந்தார். முல்லைத்தீவுப் பக்கம். பின்னேரத்தில் ஒரு பிளா கள்ளு, அதற்கு மேல் இல்லை. பிளாவைக் கையில் வாங்கினால் நுரையை ஊதி ஒதுக்குவார், முகர்வார், ஒரு மிடறு குடித்துவிட்டு நிற்பார். "முட்டி கழுவேல்லை" என்பார். அல்லது "இது நேற்றையான்" என்பார். சீவுகிறவர் மறுக்க மாட்டார், அடுத்த நாள் முட்டியைக் கழுவிக் கட்டுவார். அதில் தாளும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் தோற்றம், மணம், சுவை, குறைக்கான காரணம், திருத்தம் எல்லாம் இருந்தது. மாமாவும் அதே வீட்டில் வளர்ந்தவர்தான்.

அந்தப் பனைகள் பல பங்கருக்குக் குற்றியாகப் போயின, பல ஷெல்லில் தலை இழந்தன. அம்மப்பாவும் இல்லை. நல்ல பனங்கள்ளு எப்படி மணக்கும், காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் என்ன வித்தியாசம், எந்த வாடைக்கு எது காரணம் என்று சொல்லக்கூடிய சீவல் தொழிலாளர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்கு ஒரு கொப்பி போதும். குடிக்காதவர்களும் அதைச் செய்யலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். மெனிக் பாமில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மல்லி எவ்வளவு போட்டு அவித்தீர்கள், அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது என்றேன்.

"அள்ளிப் போட எங்கை கிடந்தது ராசா? பக்கத்துக் கூடாரத்து அக்கா ஒரு பிடி தந்தவ. அதையேதான் நாலு நாளும் திருப்பித் திருப்பி அவிச்சனான். கடைசி நாள் வெறும் சுடுதண்ணிதான். நீ நல்லா மணக்குது எண்டு சொல்லிச் சொல்லிக் குடிச்சனி."