லாரி ஊரில் டிரைவர் தட்டுப்பாடு: மகன் பெங்களூரு போறான், பீகார் வாலிபர் நாமக்கல் வர்றார்... காரணம் என்ன?

நாமக்கல்,

நாமக்கல் என்றாலே முட்டைக்கு அடுத்து ஞாபகத்துக்கு வருவது லாரிதான். வடநாட்டில் எந்த தாபா வாசலில் நின்றாலும் டி.என்.28 நம்பர் லாரி ஒன்று கண்ணில் படும். திருச்செங்கோடு டி.என்.34, சங்ககிரி டி.என்.52 லாரிகளும் அப்படித்தான்.

ஆனால் அந்த லாரி ஊரிலேயே இப்போது வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் ஓனர்கள் அல்லாடுகிறார்கள். டிரைவர் பெற்ற பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பட்டறையில் வெல்டிங் வைப்பது பீகார், ஒடிசா வாலிபர்கள்.

இதற்கு சம்பளம் மட்டும் காரணம் இல்லை. புகையை குறைக்க வந்த சட்டமும், எல்லாவற்றையும் செல்போனுக்குள் கொண்டு வந்த மாற்றமும் சேர்ந்து, ஊரை விட்டு யார் போவது, ஊருக்கு யார் வருவது என்பதை மாற்றி விட்டன.

கிளீனர் டூ ஓனர்

சேலம், நாமக்கல் சீமை வானம் பார்த்த பூமி. விவசாயம் கைவிட்டபோது ஜனங்கள் லாரி, கோழிப்பண்ணை, போர்வெல் ரிக் வண்டி என்று இறங்கினார்கள். திருச்செங்கோடு ரிக் வண்டி ஆப்பிரிக்கா வரை போய் துளை போட்டது.

லாரி தொழிலில் ஒரு ஏணி இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பையன் கிளீனராக ஏறுவான். டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவரிடம் திட்டு வாங்கி ஸ்டியரிங் பிடிக்க கற்றுக்கொள்வான். லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆவான். நாலு காசு சேர்ந்ததும் கூட்டு சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கி ஓனர் ஆவான். ஊரை விட்டு குடிபெயராமலே ஒரு குடும்பம் மேலே வர இந்த ஏணி உதவியது.

இப்போது அந்த ஏணியில் படி படியாக உடைந்து வருகிறது.

புகைக்கு பூட்டு

1.4.2017 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்க சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. அடுத்து 1.4.2020 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 வந்தது. டீசலில் உள்ள கந்தகத்தின் அளவு 10 லட்சம் பங்குக்கு 50 என்பதில் இருந்து 10 ஆக குறைக்கப்பட்டது.

ஊருக்கு நல்லதுதான். புகையை முதலில் குடிப்பவர் டிரைவரும் மெக்கானிக்கும் தானே! ஆனால் வண்டி விலை ஏறிவிட்டது. பெரும்பாலான பெரிய லாரிகளில் டீசலோடு யூரியா கலந்த திரவம் ஒன்றையும் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் என்ஜின் இழுவை குறைந்து விடும்.

முன்பெல்லாம் சத்தத்தை கேட்டே கோளாறை சொல்லும் மேஸ்திரிகள் பட்டறைக்கு பட்டறை இருந்தார்கள். இப்போது சென்சார் கோளாறை கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் கருவியை சொருக வேண்டும். கருவி வாங்க வசதி இல்லாத சின்ன பட்டறைக்கு பழைய வண்டிதான் வருகிறது. பழைய வண்டியோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

பேப்பர் போச்சு, போன் வந்தாச்சு

1.7.2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்கள் மூடப்பட்டன. 1.4.2018 முதல் ரூ.50 ஆயிரத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்கை வெளி மாநிலம் கொண்டு செல்ல இ-வே பில் கட்டாயம் ஆனது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயம் ஆனது. ஓமலூர், வைகுந்தம், ராசாம்பாளையம் டோல்கேட்டுகளில் சில்லறை எண்ணிய காலம் மலையேறி விட்டது.

செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் காத்திருந்த கஷ்டம் தீர்ந்தது. ஆனால் இ-வே பில்லுக்கு கெடு உண்டு. 1.1.2021 முதல் சாதாரண சரக்கு லாரிக்கு 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வழியில் வண்டி படுத்தால் ஆன்லைனில் கெடுவை நீட்டிக்க வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஓனர் ஜி.பி.எஸ்.சில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் காணாமல் போனது கிளீனர் சீட். பல வண்டிகளில் இப்போது டிரைவர் மட்டும்தான். கிளீனர் இல்லை என்றால் நாளைய டிரைவரும் இல்லை!

கியாஸ் டேங்கர் சொன்ன பாடம்

தென் மாநிலங்களுக்கு சமையல் கியாஸ் கொண்டு செல்லும் டேங்கர் லாரி உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இயங்குகிறது. எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் விதிகளை எதிர்த்து 27.3.2025 அன்று அவர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். வண்டியில் மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லை என்றால் அபராதம் என்ற விதியும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். ஒரு டிரைவர் கிடைப்பதே பெரும்பாடு, இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

இது நாமக்கல் கதை மட்டும் அல்ல. நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை என்று 2019-ல் மத்திய அரசே கூறியது. அதனால் லைசென்சுக்கு 8-ம் வகுப்பு படிப்பு கட்டாயம் என்ற விதியை நீக்க முடிவு செய்தது. வண்டி கம்ப்யூட்டராக மாறிய நேரத்தில், படிப்பு வேண்டாம் என்று சட்டம் மாறியது!

இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் டேங்கர் ஓட்ட ஆள் இல்லாமல் பெட்ரோல் பங்குகள் காலியாகின. ராணுவ வீரர்கள் டேங்கர் ஓட்டினார்கள். வெளிநாட்டு டிரைவர்களுக்கு தற்காலிக விசா கொடுத்தார்கள்.

வடக்கில் இருந்து வருவது ஏன்?

பெற்றவர்களே பிள்ளையை வண்டியில் ஏற விடுவதில்லை. ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கம் என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. படித்தவன் பெங்களூரு, சென்னை, கோவை என்று கிளம்பி விடுகிறான். டிரைவருக்கு பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பதும் ஊர் அறிந்த ரகசியம்.

காலியான இடத்துக்கு வடமாநில தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் செல்போன்தான் கை கொடுக்கிறது. சம்பளம் வாங்கிய நிமிடமே பணம் ஊருக்கு போய் சேருகிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 1.10.2020-ல் சேர்ந்ததால், சொந்த மாநில கார்டுக்கு இங்கேயே அரிசி வாங்கலாம்.

குளுகுளு கேபின், பேட்டரி லாரி

தொழிலை விட்டு ஓடுபவர்களை நிறுத்த சில மாற்றங்களும் வருகின்றன. 1.10.2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம்.

அடுத்து பேட்டரி லாரி. பிரதமர் இ-டிரைவ் திட்டத்தில் ஒரு லாரிக்கு ரூ.9.6 லட்சம் வரை மானியம் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பழைய லாரியை உடைத்த சான்றிதழ் காட்ட வேண்டும். நாடு முழுவதும் சுமார் 5,600 லாரிக்குத்தான் இந்த மானியம்.

பேட்டரி லாரியில் டீசல் பம்பு கிடையாது, சைலன்சர் கிடையாது, என்ஜின் ஆயிலும் கிடையாது. இவற்றை நம்பி இருக்கும் பட்டறைகளுக்கு அடி விழும். டயர், பாடி கட்டும் வேலை, பெயிண்டிங் வேலைகளுக்கு ஆபத்து இல்லை.

புது ஏணி வேண்டும்

சேலம் கருப்பூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் வேலை பக்கத்திலேயே கிடைத்தால் பிள்ளைகளில் சிலராவது ஊரோடு இருப்பார்கள்.

ஆனால் லாரி தொழில் நிற்க வேண்டும் என்றால் உடைந்த ஏணிக்கு பதில் புது ஏணி தேவை. லாரி ஓட்ட இன்றைக்கும் வயது 20 ஆக வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அதுவரை சம்பளம் கொடுத்து கற்றுக்கொடுக்க முன்பு கிளீனர் சீட் இருந்தது. இனி அந்த இடத்தை பயிற்சி பள்ளியும், ஐ.டி.ஐ.யும், ஓனர்களும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். கைத்தொழில் தெரிந்த பழைய மேஸ்திரிக்கு கம்ப்யூட்டர் கருவி பிடிக்க கற்றுக்கொடுத்தால் பட்டறையும் பிழைக்கும்.

இல்லாவிட்டால் லாரியில் டி.என்.28 என்ற நம்பர் மட்டும் இருக்கும். உள்ளே ஸ்டியரிங் பிடிக்க நாமக்கல்காரர் இருக்க மாட்டார்.