எண்ணெய் பட்டதும் விழித்துக்கொள்ளும் வால்நட்

சூடான இஸ்திரிப்பெட்டி. அதற்குக் கீழே ஈரத்துணி. துணிக்குக் கீழே ஒரு ராணுவத் துப்பாக்கியின் மரக்கட்டை! புஸ்ஸென்று ஆவி கிளம்புகிறது. துணியை விலக்கிப் பார்த்தால், சற்று முன்வரை கட்டைவிரல் பதியும் அளவுக்கு இருந்த பள்ளம் பாதி மேலே வந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை ஒற்றியெடுத்தால் பள்ளம் இருந்த இடமே தெரியாது. அமுங்கிக் கிடக்கும் மரநாருக்குள் சூடும் ஈரமும் புகுந்தால் அது உப்பிப் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிடும். நார் அறுந்துபோன வெட்டுக்காயத்துக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.

இதெல்லாம் நடப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் கார் ஷெட்டில். மேசை மேல் கிடப்பது எம்1 கராண்ட் துப்பாக்கியின் கட்டை. கனடாவின் கியூபெக்கில் பிறந்த ஜான் கராண்ட் வடிவமைத்த அந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சிப்பாய்களின் கையில் இருந்தது இதுதான். மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். கிரீஸ், டென்மார்க் போன்ற நட்பு நாடுகளுக்கு இரவலாகப் போன ஏராளமான துப்பாக்கிகள் பிற்பாடு திரும்பி வந்தன. சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, தகுதி பார்த்து, பின்னணி விசாரித்து அவற்றைக் குடிமக்களுக்கு விற்கிறது. ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் அதன் கடையே இருக்கிறது. அழுக்கும் எண்ணெயும் கீறலுமாக வந்து சேரும் அந்தக் கட்டைகளை இங்கே பலரும் வீட்டிலேயே சீர்செய்கிறார்கள்.

முதல் வேலை, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது. பிறகு விசைக்காப்பு வளையத்தை நெம்பினால் விசைப்பகுதி கழன்று வரும். அடுத்து இரும்பு தனியாகவும் மரம் தனியாகவும் பிரிந்துவிடும். இரும்பு பூட்டிய பெட்டிக்குள் போய்விடுகிறது. இனி இது முழுக்கத் தச்சுவேலைதான்.

கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தோளில் பதியும் இரும்புத் தகட்டில் ஒரு குட்டிக் கதவு! திறந்தால் மரத்துக்குள் குடைந்த துளைகள். துப்பாக்கியைத் துடைக்கும் சாமானும் எண்ணெய்ப் புட்டியும் வைக்கிற இடம் அது. முதல்முறை பார்த்தபோது நான் துள்ளிவிட்டேன். கைப்பிடியைத் திருப்பினால் வட்டத்துக்குள் ‘பி’ என்ற எழுத்து. சோதனைச் சூட்டில் தேறியது என்பதற்கான முத்திரை. பக்கவாட்டில், பரிசோதித்த அதிகாரியின் பெயரெழுத்துகள் கட்டம் போட்டுக் குத்தப்பட்டிருக்கும். இந்த முத்திரைகளுக்காகவே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையில் பெரிய எதிரி உப்புத்தாள். ஆர்வக்கோளாறில் நாலு இழுப்பு இழுத்தால் முத்திரை போச்சு. ஒரு முறை போனால் திரும்ப வராது. உட்குழிவைத் தேய்த்தால் இன்னும் மோசம்: இரும்பும் மரமும் இறுக்கமாகக் கவ்வாமல் தளர்ந்து, குறியே பிசகும். பெரியவர் பெரும்பாலும் பல்துலக்கும் பிரஷ், மினரல் ஸ்பிரிட்ஸ் என்ற கரைப்பான், பொறுமை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார். கிரீஸ் ஊறிப்போன கட்டையாக இருந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோடை வெயிலில் வைக்கிறார். மரம் வியர்ப்பதைக் கண்ணால் பார்க்கலாம்! பழுப்பு நிறத்தில் முத்து முத்தாகக் கசியும். துடைக்கத் துடைக்க வரும்.

சுத்தமான கட்டையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மயிரிழை போல நார்கள் சிலிர்த்துக்கொள்ளும். முத்திரை இல்லாத இடங்களில் மட்டும் 320 நம்பர் தாளால், ரேகை ஓடும் திசையிலேயே, மெல்ல வருடிவிடுகிறார். அவ்வளவுதான் உப்புத்தாளுக்கு வேலை.

இதோ, நான் காத்திருந்த கட்டம். உள்ளங்கையில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். வெளிறிப்போன சாம்பல் நிறக் கட்டையில் தேய்க்கிறார். ஒரே இழுப்பு! சாக்லேட் பழுப்பு, அதற்குள் கருங்கோடுகள், கைப்பிடி வளைவில் நெருப்புச் சுடர் மாதிரி ஒரு ரேகை. இத்தனை வருஷம் இது எங்கே ஒளிந்திருந்தது? வட அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரத்தின் அழகே இதுதான். துணியை விட உள்ளங்கைதான் இதற்குத் தோது. தேய்க்கிற சூட்டில் எண்ணெய் இளகி உள்ளே இறங்கும். இறங்கியது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெல்ல இறுகும். ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரந்தோறும், ஒரு வருஷம் மாதந்தோறும், பிறகு ஆயுள் முழுக்க ஆண்டுக்கொரு முறை என்பது இவர்களிடம் வழிவழியாக வரும் கணக்கு.

சிவந்த நிறம் வேண்டுமென்றால் இங்கிலாந்துக்காரர்களின் பழைய முறை இருக்கிறது: அல்கனெட் என்ற செடியின் வேரை எண்ணெயில் ஊறப்போடுவது. நம் வீடுகளில் வேம்பாளம்பட்டை தேங்காயெண்ணெயைச் சிவக்கவைக்கிற மாதிரியே அதுவும் எண்ணெயைச் செக்கச்செவேலென்று ஆக்கிவிடும்.

எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது என்பதை மறக்கக்கூடாது. கசக்கி எறிந்த எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் மூண்ட தீக்கு 22-ஆம் மாடியில் கிடந்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். எங்கள் பெரியவர் துணியைத் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போடாமல் சாப்பிடக்கூடப் போகமாட்டார்.

சரி, கட்டையைத் தன் விருப்பத்துக்கு மாற்ற நினைப்பவர்கள்? கைப்பிடியில் வைர வடிவக் கோடுகள் செதுக்கலாம். வியர்த்த கைக்கும் வழுக்காது. கை குட்டையானவர் நீளத்தைக் குறைத்து ரப்பர் வைத்துக்கொள்ளலாம். முனையில் கருங்காலி ஒட்டலாம். 1945-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வெதர்பி நிறுவனத்தார் இப்படி வேறு நிற மரமுனையும் கண்ணாடி மினுக்கமுமாகத் தனிப் பாணியே உண்டாக்கினார்கள். எனக்கு அந்த மினுக்கம் பிடிப்பதில்லை. எண்ணெயின் மங்கிய பளபளப்புதான் பிடிக்கும். எதுவானாலும் புதுக்கட்டை வாங்கி அதில் செய்யுங்கள். போரைக் கண்ட மூலக்கட்டையை அறுக்காதீர்கள்.

இந்த வளைவு நெளிவான கட்டையை எந்திரத்தில் கடையும் வித்தையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் பிளான்சார்டு. 1819-இல் காப்புரிமை வாங்கினார். இரும்பு மாதிரிக் கட்டையின் மேல் ஒரு சக்கரம் உருள, பக்கத்திலேயே கத்தி அதே வடிவத்தை மரத்தில் கடைந்துகொண்டே போகும். அவர் வைத்த கடைசல் எந்திரம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் இன்றும் இருக்கிறது. கராண்ட் துப்பாக்கி பிறந்ததும் அங்கேதான். 1968-இல் மூடப்பட்ட அந்த ஆயுதசாலை இப்போது அருங்காட்சியகம். அந்தப் பக்கம் போனால் கட்டாயம் எட்டிப்பாருங்கள், அனுமதி இலவசம்.