நீச்சலுக்கு ஒரு சிறு கிண்ணம்

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி மாதத்தில் ஐந்து நாள் நீச்சலுக்குப் போகமாட்டாள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். ஒரு நாள் அவளே, "தாத்தா, மென்ஸ்ட்ருவல் கப் வாங்கணும். எதை வாங்கறதுன்னு தெரியலை" என்றாள். சற்றுத் தயங்கினேன். பிறகு அவள் பாட்டியையும் அழைத்து, மூவருமாக உட்கார்ந்து விவரம் படித்தோம்.

நாப்கின் குளத்து நீரில் ஊறிப்போகும். கப் என்பதோ மருத்துவத் தர சிலிகோன் கிண்ணம். உள்ளே விரிந்து, வாஷர் போலச் சுற்றிலும் படிந்து, உதிரத்தைத் தேக்கிக்கொள்ளும். 1937-லேயே அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

புதியவருக்குச் சிறிய அளவு, நடுத்தர மென்மை ஏற்றது. மிக மிருதுவானது சரியாக விரியாமல் கசியலாம். கெட்டியானது சிறுநீர்ப்பையை அழுத்தலாம். கருப்பை வாய் தாழ்ந்திருந்தால் குட்டையான கப் வேண்டும். கொதிநீரில் இட்ட பிறகே அணிய வேண்டும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், அடியைக் கிள்ளிக் காற்றுப்பிடிப்பை விடுவிக்க வேண்டும்.

புதுப் பாதையில் சோதனை ஓட்டமில்லாமல் பயணிகள் வண்டி விடமாட்டோம். "முதல் மாதம் வீட்டிலேயே பழகு" என்றேன். மறுமாதம் குளத்தில் இறங்கினாள்.

நேயர்களே, நம் வீடுகளிலும் இதைப் பேசலாமே!