உலோகங்காண் கருவியும் தீவகத்து மண்ணும்



விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய நாளில் ஊர்காவற்றுறை மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, இலண்டனில் இருக்கிற மாமா உலோகங்காண் கருவியொன்று கொண்டுவருகிறாராம். நெடுந்தீவுக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாமோ?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

கருவி மந்திரக்கோல் அன்று. கோலின் அடியிலுள்ள வட்டத் தட்டினுள் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதிலே மாறிமாறிப் பாயும் மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தைச் செலுத்துகின்றது. அப்புலம் உலோகத்தைத் தொட்டால் உலோகத்தினுள்ளே சிறு சுழலோட்டங்கள் பிறக்கின்றன. அவை தாமும் ஒரு புலத்தை எழுப்ப, அதனை உணர்ந்து கருவி ஒலிக்கின்றது. சிறு நாணயமொன்று ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குள் கிடந்தாற்றான் சாதாரணக் கருவிக்கு அது புலப்படும்.

1881ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியால் அவர் உடலிலிருந்த குண்டைத் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிலின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்பர். நம் தீவகத்தில் அக்கட்டிலின் வேலையை உப்பு செய்கின்றது. கடல்நீர் ஊறிய மணலில் மின்சாரம் எளிதிற் பாயும். ஆதலால் ஈரக் கரையிலே ஒன்றுமில்லாத இடத்திலும் கருவி கூவும். சோடாப் போத்தல் மூடியும் அலுமினியத் தாளும் வேறு அதை ஏமாற்றும்.

ஒல்லாந்தர் புதைத்துவைத்த பொற்குடம் என்று நம் பாட்டிமார் கதை சொல்வர். ஒல்லாந்தக் கம்பனியார் வணிகர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டபோது காசு காசாகக் கணக்கெழுதியவர்கள் பொன்னை மறந்துவிட்டுப் போனார்கள் என்பதை நான் நம்பத் தயாரில்லை. மண்ணிலே கிடக்கக்கூடியவை எளியோர் மடியிலிருந்து நழுவிய செப்புக் காசுகளே: கம்பனியின் முத்திரையெழுத்துப் பொறித்த துட்டுகள், எருதுருவமும் 'சேது' என்னும் சொல்லும் தாங்கிய ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்கள். விலைக்கு அவை பெரிதல்ல. ஆனால் எந்த இடத்தில், எந்த மண்படையில், எவற்றோடு கிடந்தன என்பது பெரிது.

அல்லைப்பிட்டியை எண்ணிப் பாருங்கள். 1977இல் அங்கே சீனத்துச் சொங் மரபுக் காலத்துப் பீங்கான்கள் வெளிப்பட்டன. 2018இல் ஷாங்காய் அரும்பொருளகத்தாரும் வந்து ஆய்ந்தனர். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமோ, ஊராத்துறையிலே வந்திறங்கும் பரதேசி வணிகரைக் காக்க வேண்டுமென்கின்றது. யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கும், வணிகப் பண்டம் கொண்டுவருவது உடைந்தால் அரைப்பங்கும் பண்டாரத்துக்கு என்று விதிக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறைமுகம் அது. சாசனம் சொல்லும் வணிகத்துக்கு அப்பீங்கான் ஓடுகள் கண்கூடான சாட்சி. ஆனால் பீங்கானுக்குக் கருவி ஒலிக்காது! காசுக்காகத் தோண்டுகிறவன் அந்த ஓடுகளைக் குப்பையென்று வாரி எறிவான். சாட்சி அழிந்ததை அவன் அறியவும் மாட்டான்.

சட்டமும் தெளிவாகவே இருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தன் சொந்தக் காணியைத் தோண்டுவதற்கும் உரிமப்பத்திரம் வேண்டும். கருவியைக் கொண்டுவரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். இங்கிலாந்திலே காணிக்காரரின் இசைவோடு பொழுதுபோக்காகத் தேடுகின்றனர். அந்நாட்டு வழக்கம் இங்கே செல்லாது. அன்றியும், வடக்கிலே இக்கருவியை நாம் பெரும்பாலும் கண்டது கண்ணிவெடி அகற்றுவோர் கைகளிலேதான். 2009இல் முடிந்த போரின் எச்சங்கள் மண்ணுக்குள் உண்டு. ஒலி கேட்ட இடத்தில் மண்வெட்டியைப் போடுகிறவனுக்குக் காசுதான் கிடைக்குமென்று யார் உறுதி கூறுவார்?

"அப்படியானால் ஒன்றுமே செய்ய ஏலாதோ, ஐயா?" என்றான் பையன். செய்யலாம் என்றேன். பாடசாலை ஆய்வுகூடத்திலே கம்பிச்சுருளும் திரான்சிஸ்டரும் கொண்டு சிறிய அலைவுச் சுற்றொன்று அமைத்து, வானொலிப் பெட்டிக்கு அருகில் வைத்தோம். இரண்டு அலைகளும் உரசி ஒரு சீழ்க்கையொலி எழுந்தது. மணற்பெட்டியில் ஆணியும் பித்தளைப் பூட்டும் ஒரு ரூபாய்க் குற்றியும் புதைத்துச் சுருளை மேலே நகர்த்த, ஒலியின் சுருதி மாறியது. பிள்ளைகளுக்கு அன்று மின்காந்தவியல் ஒரு மாதப் பாடத்திலும் நன்றாக விளங்கிற்று.

வெளியிலே கருவி வேண்டாம், கண் போதும். மாரிமழை மண்ணைக் கழுவிய பின், வழக்கமான பாதையில் நடந்து நிலத்தைப் பாருங்கள். பழம்பொருள் தென்பட்டால் தோண்டாமல், அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் திணைக்களத்துக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். முன்பொருமுறை மாணவன் ஒருவன் பழைய செப்புக் காசொன்றைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று துலக்கி, பெருமையோடு என் மேசையில் வைத்தான். களிம்போடு எழுத்தும் போயிருந்தது. அது சேதுக் காசோ, கம்பனித் துட்டோ, இனி எவராலும் சொல்ல முடியாது. அந்தக் காசு இன்றும் என் மேசை இழுப்பறையிலேயே கிடக்கின்றது.

ஊர்காவற்றுறைப் பையன் மாமாவுக்கு எழுதிவிட்டான். மறு விடுமுறைக்கு மாமா வந்தபோது கருவி வரவில்லை. நல்லதொரு கமரா வந்தது.